மெயில் திறக்க 6 நிமிடம் 40 நொடி

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலை 9.12. மாமா ஆபீசில் கணக்கு பார்க்கும் அக்கா, தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமின் ஐகானை அழுத்த, நான் பக்கத்தில் நின்று போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். 9 நொடியில் இன்பாக்ஸ் வந்து நின்றது. செவ்வாய் 8 நொடி, புதன் 9. அதற்கு முன் மாதக்கணக்கில் காலையில் திறக்காமல் சிக்கிய மெயில், அன்றிலிருந்து ஒரு காலையிலும் சிக்கவில்லை. இதற்கு முன் மூன்று தடவை "சரியாயிடுச்சு மாமா" என்று சொல்லியிருக்கிறேன், மூன்று தடவையும் நாலைந்து நாளில் போன் வந்துவிட்டது. அதனால்தான் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இடம் திருப்பூர். மாமா பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும் ஹேங் டேக்கும் அடித்துக் கொடுக்கிறார். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். கண்ணாடித் தடுப்புப் போட்ட ஆபீஸ் அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்: ஐ3, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு பார்க்கும் அக்காதான் மெயிலும் பார்க்கிறார். சொந்த டொமைன், பாப் முறையில் (மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கி வைக்கும் முறை) மெயில் இறங்குகிறது. இங்கே வைத்திருக்கும் அமைப்பில் சர்வரில் 14 நாள்தான் இருக்கும், அதற்கப்புறம் அந்த மெயில் இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான். 2012 முதல் வந்த எல்லாமே இதில் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் அடித்த லேபிளை அதே நிறத்தில் இன்னும் 20,000 வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டால், அந்த பான்டோன் எண்ணும் அப்ரூவலும் பழைய மெயிலில்தான் கிடைக்கும். "பழசையெல்லாம் அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வர முடியாத இடம் இது.

பழுது இப்படித்தான் இருந்தது. காலையில் வந்து ஐகானை இரண்டு முறை தட்டினால் எதுவும் வராது. மறுபடி தட்டினால் ஒரு பெட்டி வரும்: தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை, பழைய பிராசஸை மூடுங்கள் அல்லது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அக்கா ரீஸ்டார்ட் செய்வார், திறக்கும். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மறுபடி அதே பெட்டி. நாலு மாதம் இப்படியே போயிருக்கிறது. ஒரு காலையில் பத்து மணிக்குள் அனுப்ப வேண்டிய அப்ரூவல் போகாமல் ஒரு ஆர்டர் தள்ளிப் போனபோதுதான் மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, மெயிலு தினமும் மக்கர் பண்ணுது, ஒரு நாள் வந்து உக்காந்து பார்த்துடு."

முதல் வைத்தியம் போனிலேயே. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். ஜன்னல் எதுவும் தெரியாவிட்டாலும் தண்டர்பேர்ட் பிராசஸ் பட்டியலில் இருந்தது. எண்ட் டாஸ்க் கொடுத்து அதை வலுக்கட்டாயமாக மூடிவிட்டுத் திரும்பத் திறக்கச் சொன்னேன், திறந்தது. ரீஸ்டார்ட் செய்வதைவிட இது சுலபம் என்று அக்காவுக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நோயை வளர்த்த வேலை இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேரில் போய் புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். தண்டர்பேர்டில் புரோகிராம் ஓர் இடம், மெயிலும் செட்டிங்கும் இருக்கும் புரொஃபைல் வேறோர் இடம். புரோகிராமை நீக்கினாலும் புரொஃபைல் அப்படியே இருக்கும். அதனால்தான் மெயில் தப்பியது, அதே காரணத்தால்தான் பழுதும் தப்பியது. மறுபடி ஏற்றியதும் பழைய புரொஃபைலையே போய்ப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறப்பது. ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னப் புரோகிராம்) எதுவும் இல்லாமல் டிரபிள்ஷூட் மோடில் திறக்கும். 12 நொடியில் திறந்ததும் ஆட்-ஆன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, இருந்த இரண்டையும் நீக்கினேன். ஆனால் நான் போனது சாயங்காலம். கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் இல்லாமல் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அதுவும் அதே 12 நொடியில்தான் திறந்திருக்கும். அந்த ஒப்பீட்டை நான் செய்யவே இல்லை.

அதே நாளில் இன்னொன்றும் செய்தேன். புரொஃபைலுக்குள் எல்லா மெயிலையும் தேடுவதற்கான அட்டவணை எஸ்.க்யூ.லைட் வகைத் தரவுத்தளக் கோப்பாக இருக்கும், பெயர் குளோபல் மெசேஜஸ் டிபி. அது 1.3 ஜி.பி. இருந்தது. அழித்தால் தானாகப் புதிதாக உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் 13 வருஷ மெயிலையும் முதலிலிருந்து படித்துத்தானே உருவாக்கும். அடுத்த இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னைவிட மந்தமாகிவிட்டது. அக்கா பொறுமையாக, "தம்பி, நீங்க பார்த்துட்டுப் போனதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் ஸ்லோவா இருக்குங்க" என்றார். சங்கடமாக இருந்தது.

அந்தச் சங்கடத்தில் 1,700 ரூபாய்க்கு இன்னொரு 4 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டேன். எக்செல் வேகமாயிற்று, மெயில் அப்படியேதான்.

இதற்கப்புறம்தான் கையைக் கட்டிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். அக்காவிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன். காலையில் கம்ப்யூட்டர் போட்ட நேரம், மெயில் திறந்த நேரம், பெட்டி வந்ததா இல்லையா, மாலையில் எப்படி மூடினார், இவ்வளவுதான் எழுத வேண்டும். 18 வேலை நாள் எழுதினார். அழகான கையெழுத்து, ஒரு நாள்கூட விடவில்லை. இந்தப் பழுதைப் பிடித்ததில் பாதிப் பங்கு அந்த நோட்டுக்குத்தான்.

18 நாளில் 7 நாள் மோசம். மூன்று திங்கட்கிழமையும் அந்த 7-ல் இருந்தன. சனிக்கிழமை சம்பள நாள். பணம் எண்ணி, கவர் போட்டு, எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் மெயில் ஜன்னலை மூடிய கையோடு யு.பி.எஸ். சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். மாலைப் பகுதியில் "சுவிட்ச்" என்று எழுதியிருந்த நாளுக்கு அடுத்த காலை எல்லாம் மோசம். மீதி நாலு நாளில் மூன்று, முந்தைய நாள் எண்ட் டாஸ்க் கொடுத்த நாள்.

இன்னொன்றையும் நோட்டுத்தான் காட்டியது. ரீஸ்டார்ட் செய்த நாள்களில், கம்ப்யூட்டர் போட்டதற்கும் மெயில் திறந்ததற்கும் இடையில் ஏறக்குறைய பத்து நிமிடம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது ரீஸ்டார்ட் ஆகறதுக்குள்ள டீ வாங்கிட்டு வந்துடுவேனுங்க, வந்து பார்த்தா தொறந்திருக்கும்." ரீஸ்டார்ட் எதையும் சரி செய்யவில்லை. அந்தப் பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்ததுதான் மெயிலைத் திறந்தது.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு 8.45-க்கே ஆபீசில் இருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு எதையும் தொடாமல் ரிசோர்ஸ் மானிட்டரை மட்டும் திறந்து டிஸ்க் பகுதியைப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று மட்டும்தான் தெரியும். ரிசோர்ஸ் மானிட்டரில் எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பை எந்த வேகத்தில் படிக்கிறது என்று வரி வரியாக வரும். நான் தண்டர்பேர்டைத் திறக்கவே இல்லை, ஆனாலும் அது பட்டியலில் இருந்தது. முன்பு யாரோ அதை ஸ்டார்ட்-அப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், விண்டோஸ் ஏறியதுமே தானாகக் கிளம்பிவிடுகிறது. கிளம்பி, ஜன்னலைக் காட்டாமல், டி டிரைவில் இருந்த இன்பாக்ஸ் என்ற ஒரே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழ் வரியில் ஆன்லைன் பேக்கப் புரோகிராம், அதே இன்பாக்ஸ். அதற்கும் கீழே ஆன்டிவைரஸ், அதுவும் அதே இன்பாக்ஸ். ஒரே ஹார்ட் டிஸ்கில் ஒரே கோப்பை மூன்று பேர் மூன்று இடத்திலிருந்து இழுக்கிறார்கள். டிஸ்கின் முள் அங்கும் இங்கும் ஓடியே சலிக்க, தண்டர்பேர்டுக்குக் கிடைத்தது நொடிக்கு ஏறக்குறைய 25 எம்.பி.

அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன். 9.4 ஜி.பி.

25 எம்.பி. வேகத்தில் 9.4 ஜி.பி.யைப் படிக்க 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஸ்டாப்வாட்சில் ஜன்னல் வந்தபோது 6 நிமிடம் 40 நொடி. அதற்குள் யார் ஐகானைத் தட்டினாலும் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதில் தரவில்லை" என்றுதான் வரும். நாலு மாதமாக அந்தப் பெட்டி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்பாக்ஸைத் திறந்து பார்த்தால் 640 மெயில்தான் இருந்தது. அக்கா ஒழுங்கானவர். தினமும் மாலையில் அன்றைய மெயிலைக் கம்பெனி வாரியாக 37 ஃபோல்டர்களுக்கு நகர்த்திவிடுவார். 640 மெயிலுக்கு 9.4 ஜி.பி. எப்படி?

தண்டர்பேர்டில் ஒரு ஃபோல்டர் என்பது எம்பாக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரே நீளமான எழுத்துக் கோப்பு. மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒரு மெயிலை அழித்தாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ அது கோப்பிலிருந்து போவதில்லை, அதன் தலைப்பகுதியில் ஒரு குறி மட்டும் மாறும். கோப்பின் ஒரு பகுதியை எடிட்டரில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மெயிலின் தொடக்கத்திலும் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி, பக்கத்தில் நாலு இலக்கம். 0001 என்றால் படித்தது. 0009 என்றால் படித்தது, அழித்தது. திரையை உருட்ட உருட்ட 0009, 0009, 0009. 2012-ல் வந்த முதல் மெயில்கூட அங்கேயே இருந்தது. நகர்த்திய மெயில் எல்லாம் கம்பெனி ஃபோல்டரில் ஒரு பிரதியும் இன்பாக்ஸ் கோப்பில் இன்னொரு பிரதியுமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தைக் காலி செய்யும் வேலைக்குப் பெயர் காம்பாக்ட். தண்டர்பேர்ட் தானாகவே கேட்கும். "இங்க கேட்டுட்டே இருந்ததுங்க. பழைய ஆள் ஒருத்தர், அதை அழுத்துனா மெயில் போயிடும்னு சொன்னார், அதான் வேண்டாம்னு குடுத்து, இனிமே கேக்காதேன்னு டிக் போட்டுட்டோம்" என்றார் அக்கா. அவர்மேல் தவறில்லை. மெயிலைத் தொலைத்துவிடக் கூடாது என்ற கவலையில் எடுத்த முடிவு அது.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ஒவ்வொரு ஃபோல்டர் கோப்புக்கும் பக்கத்தில் எம்.எஸ்.எஃப். என்று முடியும் ஒரு சின்ன அட்டவணைக் கோப்பு இருக்கும். அதில் குறித்திருக்கும் அளவும் நேரமும் உண்மையான கோப்போடு பொருந்தினால் தண்டர்பேர்ட் அட்டவணையை மட்டும் படித்துச் சட்டென்று திறக்கும். பொருந்தாவிட்டால் முழுக் கோப்பையும் படித்து அட்டவணையைப் புதிதாகப் போடும். ஜன்னலை மூடினாலும் பிராசஸ் சிறிது நேரம் உயிரோடு இருந்து எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் போகும். அதற்குள் சுவிட்சை அணைத்தால் அட்டவணை பாதியில் நிற்கும், மறுநாள் காலை 9.4 ஜி.பி.யும் படிக்க வேண்டும். அது படித்துக்கொண்டிருக்கும்போது எண்ட் டாஸ்க் கொடுத்தால் மறுபடி பாதியில் நிற்கும். நான் கற்றுக்கொடுத்த வைத்தியம் ஒவ்வொரு முறையும் அடுத்த நாளுக்கான பழுதை உண்டாக்கியது.

என்னை அதிகம் பயமுறுத்தியது இது எதுவும் இல்லை. பேக்கப் புரோகிராமின் பதிவைத் திறந்தேன். மெயில் ஃபோல்டரை முன்பு யாரோ டி டிரைவில் பேக்கப் புரோகிராம் பார்க்கும் ஃபோல்டருக்குள் மாற்றி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஒரு புது மெயில் வந்தாலே முழுக் கோப்பும் மாறிவிட்டதாக அந்தப் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். 9.4 ஜி.பி.யை முதலிலிருந்து மேலே ஏற்றத் தொடங்கும். ஏற்றி முடிக்குமுன் அடுத்த மெயில் வந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து. இன்பாக்ஸ் கடைசியாக முழுதாக ஏறியது ஏழு மாதத்துக்கு முன். "பேக்கப் இருக்கு மாப்ளே, அதப் பத்திக் கவலைப்படாதே" என்று மாமா நிம்மதியாக இருந்த ஏழு மாதமும் பேக்கப் இல்லை. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் பழுது பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் பிரதி எடுத்தேன். தண்டர்பேர்டை மூடி, டாஸ்க் மேனேஜரில் பிராசஸ் தானாக மறையும் வரை காத்திருந்தேன். 1 நிமிடம் 50 நொடி ஆனது. பேக்கப் புரோகிராமை நிறுத்திவைத்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு சி டிரைவில் இருந்த புரொஃபைல், டி டிரைவில் இருந்த மெயில் ஃபோல்டர் இரண்டையும் முழுதாக நகலெடுத்தேன். மெயில் மட்டும் 17.2 ஜி.பி., இன்பாக்ஸ் 9.4, மற்ற ஃபோல்டர்கள் 7.8. பிரதியை என் லேப்டாப்பில் வைத்து, புரொஃபைல் மேனேஜர் வழியாகத் தனிப் புரொஃபைலாகத் திறந்து, 2013-லிருந்து ஒன்று, 2017-லிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று என்று மூன்று மெயிலின் இணைப்புகளைத் திறந்து பார்த்தேன். மூன்றும் வந்தன. அப்புறம் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையையும் பார்த்தேன். 05 என்ற வரியும் சி5 என்ற வரியும் பூஜ்யம். கெட்டுப்போன செக்டர் இல்லை. டிஸ்க் நல்லது.

இனி காம்பாக்ட். இதிலும் முதல் முயற்சி தோற்றது. மதியம் பேக்கப் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டதை மறந்துவிட்டு ஆரம்பித்துவிட்டேன். காம்பாக்ட் என்றால், வேண்டிய மெயிலை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, கடைசியில் பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைப்பது. கடைசிக் கட்டத்தில் பழைய கோப்பைப் பேக்கப் புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்ததால் மாற்ற முடியவில்லை. இன்பாக்ஸ் 9.4 ஜி.பி.யாகவே இருந்தது. பக்கத்தில் என்.எஸ்.டி.எம்.பி. என்ற பெயரில் 470 எம்.பி. கோப்பு ஒன்று அநாதையாகக் கிடந்தது. இப்படிப் பெயருள்ள கோப்புகள் உங்கள் மெயில் ஃபோல்டரில் இருந்தால், காம்பாக்ட் எப்போதோ பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழித்தேன்.

பேக்கப்பை அணைத்துவிட்டு இரண்டாம் முறை, ஃபைல் மெனுவில் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ். 11 நிமிடம் யாரையும் மௌஸைத் தொட விடவில்லை. முடிந்தபோது இன்பாக்ஸ் 470 எம்.பி. மற்ற ஃபோல்டர்கள் 7.8-லிருந்து 7.1 ஜி.பி.க்கு வந்திருந்தன. அக்கா ஒவ்வொரு கம்பெனி ஃபோல்டராகத் திறந்து எண்ணிக்கையை முன்பு எழுதி வைத்ததோடு சரிபார்த்தார். 37-ம் சரி. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், இந்த நாலு மாதத்தில் அவருக்கு மெயில் போய்விடுமோ என்ற பயம் எவ்வளவு இருந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த வேலை, மெயில் ஃபோல்டரைப் பேக்கப் புரோகிராமின் பார்வையிலிருந்து வெளியே எடுப்பது. இதற்காக 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கினேன், 1,900 ரூபாய். சாட்டா கேபிள் 80, கேபினெட்டில் பொருத்தும் பிராக்கெட் 120. மெயிலுக்கு மட்டும் இதைத் தனி டிரைவாக வைத்துவிட்டு, விண்டோஸை இருந்த இடத்திலேயே விட்டேன். ஒரே நாளில் இரண்டு பெரிய மாற்றம் செய்யப் பயம்.

ஃபோல்டரை நகலெடுத்து, அக்கவுன்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் லோக்கல் டைரக்டரி என்ற இடத்தில் புதிய பாதையைக் கொடுத்தேன். தண்டர்பேர்ட் ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். மெயில் எல்லாம் வந்தது. கூடவே 412 புது மெயில் இறங்கின. எல்லாம் ஏற்கெனவே வந்த மெயில்.

காரணம் என் அரைகுறை நகல். நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று, பெரிய கோப்புகளையும் அவற்றின் எம்.எஸ்.எஃப். அட்டவணைகளையும் மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தேன். அதே ஃபோல்டரில் பாப்ஸ்டேட் என்று சில கே.பி.யில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். சர்வரில் உள்ள எந்தெந்த மெயிலை ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது என்ற கணக்கு அதில்தான். அதை விட்டுவிட்டதால் சர்வரில் கிடந்த 14 நாள் மெயிலும் புதியது என்று நினைத்து மறுபடி இறக்கிவிட்டது. நல்லவேளை, சுத்தம் செய்ய ஒரு வழி இருந்தது. மெயில் பட்டியலின் தலைப்பில் ஆர்டர் ரிசீவ்ட் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்கலாம். மெயிலின் தேதியைப் பார்க்காமல், இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த வரிசையில் இறங்கியதோ அந்த வரிசையில் அடுக்கும். 412-ம் கடைசியில் ஒரே கட்டாக வந்து நின்றன. முதலாவதையும் கடைசியையும் ஏற்கெனவே இருந்தவற்றோடு ஒப்பிட்டு, நடுவில் ஒரு பத்தையும் சரிபார்த்து, மொத்தமாக அழித்து, மறுபடி காம்பாக்ட். முக்கால் மணி நேரம் வீண்.

ஸ்டார்ட்-அப் பட்டியலில் தண்டர்பேர்டை நிறுத்தினேன். ஆன்டிவைரஸில் மெயில் ஃபோல்டரை மட்டும் உடனடி ஸ்கேனிலிருந்து விலக்கினேன். இதைச் செய்ய முதலில் தயங்கினேன். ஆனால் மெயிலிலிருந்து ஒரு இணைப்பை வெளியே சேமிக்கும்போதும் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் எப்படியும் பார்க்கும். அதோடு ஒரே ஒரு மெயிலில் வைரஸ் இருந்தாலும் முழு இன்பாக்ஸ் கோப்பையும் தூக்கித் தனியே அடைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. செட்டிங்ஸில் தானாகக் காம்பாக்ட் செய்வதைத் திரும்ப இயக்கி, 100 எம்.பி. மிச்சமாகும் என்றால் செய் என்று வைத்தேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்புறம், கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துப் போட்டு உடனே மெயிலைத் திறந்து நேரம் எடுத்தேன். முதலில் 6 நிமிடம் 40 நொடி. காம்பாக்ட் மட்டும் செய்தபின் 58 நொடி. பேக்கப் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்ததும், எஸ்.எஸ்.டி.க்குப் போகுமுன் அதே ஹார்ட் டிஸ்கில் வேறு ஃபோல்டரில் வைத்துப் பார்த்தபோது, 31 நொடி. எஸ்.எஸ்.டி.யில் 9 நொடி. இந்த எண்களைப் பார்த்தபின் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காசு செலவழிக்காமல் செய்த இரண்டு வேலையே 400 நொடியை 31 நொடியாக்கியது. மாமாவுக்குப் பணம் முடை என்றால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரேமுக்குக் கொடுத்த 1,700 ரூபாய் இந்தப் பழுதுக்கு எதுவும் செய்யவில்லை. மொத்தச் செலவு 3,800. அதில் உண்மையில் பயன்பட்டது 2,100.

பேக்கப்புக்கு இப்போது வேறு ஏற்பாடு. மாலையில் அக்கா தண்டர்பேர்டை மூடியதும் டெஸ்க்டாப்பில் உள்ள, கட்டளைகள் எழுதிய ஒரு பேட்ச் கோப்பைத் தட்டுவார். தண்டர்பேர்ட் பிராசஸ் இன்னும் இருக்கிறதா என்று அது முதலில் பார்க்கும், இருந்தால் காத்திருக்கும். போன பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியால் புரொஃபைலையும் மெயில் ஃபோல்டரையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் அன்றைய கிழமையின் பெயருள்ள ஃபோல்டருக்கு நகலெடுக்கும். ஆறு நாளுக்கு ஆறு ஃபோல்டர். மாறாத கோப்புகளை விட்டுவிடுவதால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிறது. மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும் மிரர் விருப்பத்தை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அன்றைய பேக்கப்பிலும் அது போய்விடும், அது வேண்டாம். முடிந்ததும் "இப்போது அணைக்கலாம்" என்று தமிழில் ஒரு வரி வரும்படி வைத்தேன். அந்த வரி வராமல் யு.பி.எஸ். சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று மாமாவே சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டார். டிஸ்க் இரண்டு இருக்கிறது. ஒன்று ஆபீசில், ஒன்று மாமா வீட்டு பீரோவில். திங்கட்கிழமை தோறும் மாற்றிக்கொள்கிறார்கள்.

மறுபடி இதே போல ஒரு பழுது வந்தால் நான் முதலில் பிரதி எடுப்பேன். அடுத்து, பழுது வரும் நேரத்துக்கே போவேன். காலையில் வரும் பழுதை மூன்று தடவை சாயங்காலம் போய்த் தேடினேன், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மெயில் ஃபோல்டரைக் கோப்பு அளவுப்படி அடுக்கிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் நாளே அதைச் செய்திருந்தால் 640 மெயிலுக்கு 9.4 ஜி.பி. என்ற பொருத்தமின்மை அப்போதே கண்ணில் பட்டிருக்கும். நகலெடுக்கும்போது எதையும் தேர்ந்தெடுக்காமல் முழு ஃபோல்டரையும் எடுப்பேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2014 ஃபோல்டர் ஒன்றில் இரண்டு மெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றின் தலைப்பின் கீழ் இன்னொன்றின் உள்ளடக்கம் வருகிறது. ஃபோல்டர் பிராபர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்துப் பார்த்தேன், மாறவில்லை. கோப்புக்குள்ளேயே எங்கோ பிரிப்பு வரி கெட்டிருக்க வேண்டும். ஃபோல்டரின் பிரதியை லேப்டாப்பில் எடுத்து வந்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை எடிட்டரில் திறந்து பார்க்க வேண்டும். அக்கா நோட்டில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை. நேற்றைய வரி: 9.05 போட்டது, 9.07 மெயில், பெட்டி இல்லை, மாலை வரி வந்த பிறகு அணைத்தது.